ஏபிஏ படிக்கணும்னு ஆசை, பணம் கட்டலாமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி சைக்காலஜி முடிச்சிட்டு ஒன்றரை வருஷமா ஒரு தெரபி சென்டர்ல ஆட்டிசம் குழந்தைங்களோட வேலை பாக்குறேன். அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்ல, அதான் குழந்தை ஏன் அப்படி நடந்துக்குதுன்னு கவனிச்சு, அதுக்கேத்த மாதிரி கத்துக் குடுக்குற ஏபிஏல, பி.ஜி. பண்ணணும்னு ரொம்ப ஆசை. ஒரு இடத்துல ஒரு வருஷ ஆன்லைன் டிப்ளமோ, ஒன்றரை லட்சம், முடிச்சா பிசிபிஏ ஆயிடலாம்னு சொல்றாங்க. அப்பாகிட்ட பணம் கேக்கலாமா? – பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இப்போதைக்குக் கேக்காதம்மா. பிசிபிஏங்கிறது அமெரிக்காவுல 1998ல ஆரம்பிச்ச ஒரு போர்டு ஏபிஏ நிபுணர்களுக்குக் குடுக்குற சர்டிஃபிகேட். 2023 ஜனவரி 1லேர்ந்து இந்தியாவுல இருக்கிறவங்ககிட்ட அவங்க புது அப்ளிகேஷனே வாங்குறதில்ல. வாங்கின காலத்துலயும் டிப்ளமோ மட்டும் பத்தாது, மாஸ்டர்ஸ் வேணும், அதுக்கு மேல 2000 மணி நேரம் வரைக்கும் சூப்பர்விஷன்ல ஃபீல்டுவர்க், அப்புறம் பரீட்சை. இதையெல்லாம் மறைச்சு ஒரு பொண்ணுகிட்ட ஒன்றரை லட்சம் கேக்குறாங்களேன்னு எனக்கு மனசு ஆறல.

இங்கேயே இருந்து பண்ணணும்னா ஐபிஏஓ, க்யூஏபிஏன்னு ரெண்டு வெளிநாட்டு அமைப்பு நம்ம ஊர்க்காரங்களுக்கும் ஏபிஏ சர்டிஃபிகேட் குடுக்குது. ஆனா அது ஆர்சிஐ, அதான் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அவங்க ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஈடாகாது. அதனால முதல்ல ரெகுலர் காலேஜ்ல எம்.எஸ்சி சைக்காலஜி, இல்லன்னா ஆர்சிஐ அங்கீகாரம் உள்ள ஸ்பெஷல் பி.எட். முடி, சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு நடத்துற நீப்மெட்லயும் என்னென்ன கோர்ஸ் இருக்குன்னு பாரு. சைக்காலஜிய தபால்லயோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு 2025லயே யுஜிசி நிறுத்திடுச்சு, அதையும் மனசுல வச்சுக்கோ.

எங்க சேர்ந்தாலும் முதல்ல ஒண்ணு கேளு, நான் குழந்தையோட உக்காரும்போது பக்கத்துல யாரு உக்காந்து என்னைப் பாப்பாங்கன்னு. நான் ட்ரெய்னிங்ல இருந்தப்ப ஒரு அஞ்சு வயசுப் பையன் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி விட்டுக்கிட்டே இருந்தான், நான் நோட்டுல "பிடிவாதம்"னு எழுதி வச்சேன். சூப்பர்வைசர் மேடம் பேனாவ வாங்கி அந்த வார்த்தைய அடிச்சிட்டு, "நீ கண்ணால பாத்தத எழுதும்மா, தட்டுல என்ன இருந்துச்சு, அவன் தட்டி விட்டதும் நீ என்ன பண்ணுன"ன்னாங்க. பத்து நாள் எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது, சாம்பார் ஊத்திப் பிசைஞ்சு வச்ச அன்னைக்கு மட்டும்தான் தட்டு பறக்குது, சாதம் தனியா சாம்பார் தனியா வச்சா பேசாம சாப்பிடுறான். தட்டைத் தட்டினதும் நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம், பேச்சு வராத பிள்ளைக்கு வேண்டாம்னு சொல்ல இருந்த ஒரே வழி அதுதான். ஒரு படக் கார்டு குடுத்து, அத நீட்டினா உடனே தட்டை எடுத்தோம், கொஞ்சம் கொஞ்சமா தட்டுறது நின்னு போச்சு. இத எந்த வீடியோ கிளாஸும் எனக்குக் கத்துக் குடுத்திருக்காது.

இன்னொன்னு. 1960கள்ல லோவாஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் மாதிரி ஆளுங்க பிள்ளைங்களை அடிச்சு, கரண்ட் ஷாக் குடுத்தெல்லாம் பண்ணினாங்க, இதே துறையிலதான். கையை ஆட்டாத, என் கண்ணைப் பாருன்னு கட்டாயப்படுத்தினது எவ்வளவு வலிச்சுதுன்னு ஆட்டிசம் உள்ள பெரியவங்க இன்னைக்கு சொல்றாங்க. அத கிளாஸ்ல பேசாத இடத்துல சேராத.

கேள்வி: என் மகனுக்கு ஏபிஏ தெரபி குடுக்க வீட்டுக்கு வர்ற தம்பி 40 மணி நேர கோர்ஸ் முடிச்சிருக்காராம், என்ன கத்துக் குடுக்கணும்னு அவரே ப்ளான் போடுறாரு. சரியா? – ஒரு அம்மா, நாகர்கோவில்

பதில்: இல்லம்மா. அந்த 40 மணி நேரம், மேல ஒருத்தர் போட்டுக் குடுக்குற ப்ளானை செய்யுறதுக்கான ட்ரெய்னிங்தான். தம்பிகிட்ட கோபப்படாம, உங்க சூப்பர்வைசர் யாரு, மாசத்துல எத்தன தடவை எங்க பையனை நேர்ல பாப்பாங்கன்னு கேளுங்க. யாருமே இல்லன்னு சொன்னா, ஒருத்தர் வர்ற வரைக்கும் புது ப்ளான் எதுவும் வேண்டாம்னு சொல்லிடுங்க.