சேற்றில் புது ஆள் இறங்கும்போது

கேள்வி: காங்கேயத்துல இருக்கேனுங்க. மஹிந்திரா தார் ஒண்ணு, ஃபோர் பை ஃபோர், செகண்ட்ஸ்ல வாங்கியிருக்கேன். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் தாராபுரம் பக்கம் சேத்துத் தடத்துக்கு ஏழெட்டு வண்டி போறாங்க, என்னையும் கூப்பிட்டிருக்காங்க. நான் ரோட்டை விட்டு இறங்கி ஓட்டினதே இல்லீங்க. மாட்டிக்கிட்டா எல்லாரும் கூடி நின்னு சிரிப்பாங்களோன்னு இருக்குது. சேத்துல எப்படி ஓட்டறது? நான் புதுசுன்னு முன்னாடியே சொல்லிடறதா, இல்ல கமுக்கமாக் கடைசில போயிக்கறதா? மச்சான் அவரோட பொலிரோவையும் கொண்டாறேங்கறார். அது டூ வீல் டிரைவ்தானுங்க.

பதில்: சொல்லிவிடுங்கள். கிளம்புகிற காலையில் இல்லை, இன்றைக்கே கூப்பிட்டவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். சேற்றில் வண்டி புதைவது பாதி மண்ணின் வேலை என்றால் மீதி ஓட்டுகிறவர் காலின் வேலை. பயந்த கால் ஆக்சிலேட்டரை அழுத்தும். சுற்றி நிற்கும் நாலு பேர் "மிதி, மிதி" என்று கத்தினால் இன்னும் அழுத்தும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது, குழி ஆழமாகும். அதனால் புது ஆளிடம் பதனமாக நடந்துகொள்வதை நான் மரியாதைக் கணக்கில் மட்டும் சேர்ப்பதில்லை, அது ஓட்டும் நுட்பத்திலேயே ஒரு பகுதி. நீங்கள் புதுசு என்று தெரிந்த பிறகும் தடத்தை மாற்ற யோசிக்காத கூட்டமென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

கடைசியில் போகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏழு வண்டி உழுதுவிட்டுப் போன உளையில் எட்டாவதாக இறங்குவது பழகியவருக்கே கஷ்டம். பின்னால் இழுத்துவிடவும் ஆள் இருக்காது. முதல் வண்டியும் வேண்டாம், அது தடம் தெரிந்தவருடையது. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போங்கள். முன்னால் போகிறவர் எந்த இடத்தில் சக்கரத்தை வைத்தார், எங்கே திணறினார் என்று கண்ணால் பார்த்துவிட்டு இறங்கலாம். கடைசி இடம் கயிறும் அனுபவமும் இரண்டும் உள்ளவருக்கு.

இனி மண். தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். ஒரே இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த மண் தடத்தில், அரை மைல் போவதற்குள் இரண்டும் வந்துவிடும். செம்மண்ணில் மேலே நாலு விரல் சகதி இருந்தாலும் அடியில் சரளையோ சுக்கானோ இருக்கும், டயர் அதைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். கரிசல் அப்படியில்லை. நன்றாக ஊறிவிட்டால் அடி தெரியாது, டயர் தேடித் தேடிக் கீழே போகும். போதாததற்கு டயர் பள்ளங்களிலெல்லாம் அப்பிக்கொள்ளும். பட்டன் அடைந்துபோன டயர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் மொட்டை டயர்தான்.

எந்த மண் என்று சந்தேகமாக இருந்தால் இறங்கி ஒரு பிடி எடுங்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கயிறு திரிக்கிற மாதிரி உருட்டுங்கள். உடைந்து உதிர்ந்தால் மணல் கலந்தது, பெரிய பயமில்லை. பென்சில் கனத்துக்கும் மெலிதாக, உடையாமல் நீண்டுகொண்டே போனால் களி அதிகம். அங்கே நின்று யோசித்து, சுற்றுத் தடம் இருந்தால் அதில் போய்விடுங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு குச்சியோடு நடந்து பாருங்கள். புதிய தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அந்தக் கணக்கு அடி கெட்டியாக இருக்கிற தண்ணீருக்கு. அடியில் ஓர் அடி உளை இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நடக்கப் பயப்படுகிற இடத்தில் வண்டியை விடக்கூடாது.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்தி டயர் காற்றை இறக்குங்கள். ரோட்டில் முப்பது, முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ. வைக்கிற டயருக்குச் சேற்றில் 18 முதல் 20 போதும். டயர் பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கும், அதைவிட முக்கியமாக மண்ணில் பதிகிற நீளம் கூடும். 15-க்குக் கீழே போகாதீர்கள். வளைவில் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிட்டால் சேற்றில் உட்கார்ந்து அதை மாட்டுவது நரக வேலை. இறக்கும்போதே திரும்ப ஏற்றுகிற பம்ப் யார் வண்டியில் இருக்கிறது என்று கேட்டுவையுங்கள். குறைந்த காற்றோடு ரோட்டில் வேகமெடுத்தால் டயர் சூடேறிக் கெட்டுப்போகும்.

ஃபோர் வீல் போட்டுவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுற்றவைக்கிற டிஃபரன்ஷியல் லாக் இல்லாத வண்டியில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடிமானம் இழந்தால் போதும். அந்த இரண்டும் வெறுமனே சுற்றும், கெட்டி மண்ணில் இருக்கிற மற்ற இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கியதில் லாக் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். தாரில் டூ வீல் டிரைவ் மாடலும் 2023 முதல் வந்துகொண்டிருப்பதால், ஃபோர் வீல் லீவர் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. வேலை செய்கிறதா என்பதை வீட்டுக்குப் பக்கத்து மண் தடத்தில் போட்டுப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

ஆழமான சேறு என்றால் லோ ரேஞ்சில், அதாவது ஃபோர் வீல் லீவரில் வேகம் குறைந்து இழுவை கூடுகிற நிலையில், இரண்டாவது கியர். மேலே வழுக்கல் மட்டும் இருந்தால் ஹை ரேஞ்சில் இரண்டாவது. எதுவானாலும் சேறு தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும். உள்ளே போனபின் கிளட்சைத் தொடாதீர்கள், கியர் மாற்றுகிற அரை நொடியில் வண்டி வேகத்தை இழந்து உட்கார்ந்துவிடும். வழுக்கலைத் தானே கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.பி. உள்ள வண்டியில் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சக்கரம் வழுக்கிய உடனே எஞ்சினின் இழுவையை அது குறைத்துவிடும். கட்டைவிரல் இரண்டும் ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். அடியில் ஒரு கல் இடித்தால் ஸ்டியரிங் சடாரென்று திரும்பி விரலை ஒடித்துவிடும்.

கால் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஏற்றவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். வண்டி தளர்வது தெரிந்தால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று வேகமாக ஆட்டுங்கள், டயரின் ஓரப் பட்டன்கள் புது மண்ணைக் கவ்வும். பல சமயம் அதுவே வண்டியை வெளியே கொண்டுவந்துவிடும். அப்படியும் சக்கரம் சுற்றி வண்டி நின்றுவிட்டால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள். இதைத்தான் புது ஆட்கள் செய்வதில்லை. இன்னொரு மிதி, இன்னொரு மிதி என்று போட்டு, அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கிற ஹவுசிங் மண்ணில் உட்காருகிற வரைக்கும் தோண்டிவிடுகிறார்கள். உடனே நிறுத்தினால் வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்துவிடலாம்.

பழைய டிராக்டர் தடத்துக்குள் போகும்போது இன்னொன்று. வரம்பு இரண்டு பக்கமும் டயரைப் பிடித்துக்கொண்டிருப்பதால், ஸ்டியரிங் திரும்பியிருந்தாலும் வண்டி நேராகவே போகும். வரம்பு முடிந்த இடத்தில் திரும்பியிருக்கிற பக்கம் ஒரே பாய்ச்சல். பக்கத்தில் கிளுவை வேலி இருந்தால் நேராக அதற்குள்தான். அவ்வப்போது தலையை வெளியே நீட்டி முன் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள்.

மாட்டிக்கொண்டால் முதல் கருவி மண்வெட்டி, கயிறு இரண்டாவது. டயருக்கு முன்னால் இருக்கிற மண்ணைச் சரிவாக வெட்டி எடுத்து, ஹவுசிங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிற மண்ணையும் தோண்டிவிட்டால் இழுக்கிற சுமை பாதியாகக் குறையும். தோட்டக்காரரிடம் கேட்டு நாலு தென்னை மட்டையை டயருக்கு அடியில் கொடுக்கலாம். கொடுத்தபின் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது, டயர் மட்டையை எடுத்து வீசும்.

கயிறு விஷயத்தில்தான் உயிர் போகிறது. நைலானில் செய்த கைனடிக் கயிறு சுமார் முப்பது சதவீதம் நீண்டு சுருங்கும், அதைக் கட்டிக் கொஞ்சம் வேகமெடுத்து இழுக்கலாம். சங்கிலியையும் இரும்பு ரோப்பையும் கட்டி அப்படி வேகமெடுத்தால் அறுந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ, முன் சக்கரத்தைத் திருப்புகிற டை ராடிலோ வேண்டாம். டிரெய்லர் மாட்டுகிற குண்டில் கண்டிப்பாக வேண்டாம், அது பிய்ந்து வந்தால் தோட்டாதான். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

தாராபுரம் பக்கம் கடைசியில் வருவது எப்படியும் டிராக்டராகத்தான் இருக்கும். அதில் கீழே இருக்கிற இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் பக்கம் மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். உதவ வந்த அண்ணனுக்கு டீசல் காசைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் கூட்டத்துப் பழைய ஆட்களிடமும் காட்டுங்கள், இனி வருவது அவர்களுக்கு. புது ஆள் ஒருவர் வந்திருந்தால் அன்றைய தடம் அவர் வண்டிக்கும் அவர் கைக்கும் தக்கதாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சப்பென்று இருந்தால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இறங்குமுன் ஐந்து நிமிடம் எல்லாரும் கீழே நின்று பேசுங்கள். சேற்றுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னால் இருப்பவர் நிற்க வேண்டும். பிரிவு வருகிற இடத்தில் காத்திருக்க வேண்டும்.

சேற்றில் இறங்கியவருக்கு வழி காட்டுவது ஒரே ஆள். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையால் காட்டட்டும். மூடிய முஷ்டி என்றால் நில் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய உதவி. "தள்ளுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று கதவைத் திறக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். நல்ல மனசுதான், ஆனால் எடுத்துக் கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. "நீங்களே எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுங்களா?" என்று கேட்டால் போதும். சுற்றுத் தடத்தில் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் சரிங்க என்று விட்டுவிட வேண்டும். மாட்டிக்கொண்டவர் முகத்துக்கு நேரே போனை நீட்டி வீடியோ எடுப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எடுக்கிறவர்களுக்கே தெரியும். இழுக்கிறபோது பம்பர் பிய்ந்தால் யார் பொறுப்பு என்பதைக் கயிறு மாட்டுமுன் பேசிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

இதையெல்லாம்விடத் தடத்துக்காரர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மழைக்கு மறுநாள் கரிசல் இட்டேரியில் எட்டு வண்டி போனால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும். நாலு வெயிலில் அது கல்லாகக் காய்ந்துவிடும். விடிகாலையில் எக்ஸ்எல் மொபெட்டில் பால் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர் அந்தப் பள்ளத்தில்தான் விழுவார். அதனால் ஊர் நடமாட்டம் உள்ள இட்டேரியை விட்டுவிடுங்கள். மாடு மேய்கிற கொறங்காட்டிலும் இறக்காதீர்கள். ஈரத்தில் டயர் சுற்றினால் கொழுக்கட்டைப் புல் வேரோடு வந்துவிடும், காங்கேயத்துக்காரரான உங்களுக்கு அது மாட்டுக்கு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்து பி.ஏ.பி. வாய்க்கால் கரையும் வேண்டாம். தெரிந்தவருடைய தரிசு, கேட்டு வாங்கிய அனுமதி, சாயங்காலம் தடத்தை மண்வெட்டியால் நிரவிவிட்டு வருவது, இப்படி ஒரு இடம் கிடைத்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகப் பக்கம் அனுமதியில்லாமல் சாலையை விட்டு இறங்கினால் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும்.

திரும்பி வரும்போது ரோடு ஏறியதும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டினால் கியர் இறுகி ஏதாவது உடையும். பிரேக்கை நாலைந்து தடவை லேசாக மிதித்து ஈரத்தைப் போக்குங்கள். அறுபதைத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறினால் பயந்துபோய் அலைன்மென்ட்டுக்கு ஓட வேண்டாம், ரிம்முக்கு உட்பக்கம் களி காய்ந்து ஒட்டியிருக்கும். வாட்டர் சர்வீஸில் அதையும் ரேடியேட்டர் இடுக்கையும் கழுவச் சொல்லுங்கள். ஆழத் தண்ணீரில் இறங்கியிருந்தால் ஹவுசிங் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றிவிட வேண்டும்.

மச்சானின் பொலிரோ: காய்ந்த இடம் வரைக்கும் வரட்டும். டூ வீல் டிரைவில் பின் சக்கரம் மட்டும் தள்ளுவதால், கரிசல் ஈரத்தில் காலி வண்டியின் பின்பக்கம் நின்ற இடத்திலேயே வழுக்கும். அதை இழுத்துவிடுவதிலேயே கூட்டத்துக்குப் பாதி நாள் போய்விடும். கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள். மண்வெட்டியும் பம்பும் அவர் பொறுப்பு. வண்டி சேற்றில் இருக்கும்போது வழி சொல்ல மட்டும் வேண்டாம் என்று கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள், உறவு என்பதால் இதைச் சொல்வதுதான் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.