பொத்தானைத் தொட்ட நேரம், கண்டுகொண்ட நேரம் ஆகுமா?

கேள்வி: கைபேசியில் சிவப்பு வட்டம் பச்சையானதும் தொட வேண்டும் என்ற சோதனையில் எனக்குச் சராசரியாக 310 மில்லி விநாடி ஆகிறது, என் நண்பனுக்கு 250. அவனுடைய மூளை என்னுடையதைவிட 60 மில்லி விநாடி முன்னதாகவே பார்த்துவிடுகிறது என்று கொள்ளலாமா?

அப்படிக் கொள்ள முடியாது. விழித்திரை ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றுவது, அது பின்மண்டைக்குப் போய்ச் சேருவது, ‘இது பச்சைதான்’ என்று முடிவாவது, விரலுக்கு ஆணை போவது, தசை சுருங்குவது ஆகிய அனைத்தும் அந்த 310-க்குள் அடங்கியிருக்கின்றன. கைபேசியின் தாமதமும் அதில்தான் சேருகிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லி விநாடி இருக்கிறது. கைபேசி உங்கள் தொடுதலை உணர்வதற்கு ஆகும் நேரமும் இதோடு சேரும். நீங்கள் இருவரும் வேறு வேறு கைபேசிகளில் பார்த்திருந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது.

முதுகலை படித்தபோது, தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை ஒன்றுக்குத் தன்னார்வலனாக உட்கார்ந்திருக்கிறேன். (தலையில் தடவிய பசை போக இரண்டு முறை சீயக்காய் தேய்த்துக் குளிக்க வேண்டியிருந்தது.) திரையில் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து திரும்பத் திரும்ப வரும், ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு முறை, எதிர்பாராத நேரத்தில், ‘எக்ஸ்’ வரும், அதற்கு மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே ஒரு ‘எக்ஸ்’ எழுப்பும் மின்மாற்றம் சில மைக்ரோவோல்ட் அளவே என்பதால், மூளையின் மற்ற அலைகளுக்கிடையே அது கண்ணுக்குத் தெரியாது. பல பத்து முறைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், எழுத்து தோன்றி 300 மில்லி விநாடிக்குப் பிறகு, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், நேர்மின் திசையில் ஒரு மேடு எழுவது தெரியும். 1965-இல் சாமுவேல் சட்டனும் அவருடைய குழுவினரும் முதலில் விவரித்த இந்த மேட்டுக்குப் பி300 என்று பெயர். அடுத்த சுற்றில், பொத்தானைத் தொடாமல் ‘எக்ஸ்’ வந்த தடவைகளை மனத்துக்குள் எண்ணினால் போதும் என்றார்கள். கை சும்மா இருந்தும் மேடு வந்தது.

ஆக, மூளை கண்டுகொள்வதும் கை அசைவதும் ஒன்றல்ல. இதை மிகத் தெளிவாகக் காட்டியது கிரிகரி மெக்கார்த்தியும் இமானுவேல் டொன்சினும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு என்பது என் எண்ணம். ‘இடது’ அல்லது ‘வலது’ என்ற சொல் திரையில் வரும். அதற்கேற்ற கையால் அழுத்த வேண்டும். சொல்லைச் சுற்றி வேறு எழுத்துகளை இறைத்து அதைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்கியபோது, பி300-உம் தாமதமானது, கையும் தாமதமானது. ஆனால் ‘இடது’ வந்தால் வலது கையால் அழுத்த வேண்டும் என்று விதியை மாற்றியபோது கைதான் தாமதமானது; பி300 ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. குழப்பம் பார்ப்பதில் இல்லை, பார்த்ததைச் செயலாக்குவதில்தான் இருக்கிறது என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு நேராகப் பிரித்துக் காட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் நண்பருக்கு நேரடியாகப் பொருந்துவது இதற்கு நான்கு ஆண்டுகள் முந்தைய, மார்தா குட்டாஸ் குழுவினரின் ஆய்வு. தவறில்லாமல் செய்யுங்கள் என்று சொன்னால் பி300-இன் நேரமும் கையின் நேரமும் நெருங்கி இணைந்து செல்கின்றன. வேகமாகச் செய்யுங்கள் என்று சொன்னால் அந்த இணைப்பு தளர்ந்துவிடுகிறது, மதிப்பீடு முழுதாக முடியும் முன்பே கை புறப்பட்டுவிடுகிறது. உங்கள் நண்பர் பச்சை வருவதற்கு முன்பே எத்தனை முறை தொட்டார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை அதிகமென்றால் அவருடைய 60 மில்லி விநாடி அவசரத்திலிருந்து வந்திருக்கலாம்.

பி300-தான் கண்டுகொள்ளும் கணம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1996-இல் சைமன் தோர்ப் குழுவினர், 20 மில்லி விநாடி மட்டுமே தோன்றி மறையும் இயற்கைக் காட்சிகளில் விலங்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டபோது, இரு வகைப் படங்களுக்கும் எழுந்த அலைகள் ஏறத்தாழ 150 மில்லி விநாடியிலேயே பிரியத் தொடங்கிவிட்டன. கை அசைந்தது அதற்கு வெகு நேரம் கழித்துத்தான்.

தொடும் வேகமும் தேடிக் கண்டுபிடிக்கும் வேகமும்கூட ஒன்றல்ல. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தேன்பெட்டிகள் உண்டு. ரப்பர் துளிர்க்கும் காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து ராணித் தேனீ இருக்கிறதா என்று பார்ப்போம். அறுபது தாண்டிய அப்பாவுக்கு அதே கைபேசிச் சோதனையில் 390 வந்தது; எனக்கு 280. ஆனால் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களுக்கு நடுவே ராணியை அவர் சில விநாடிகளில் காட்டிவிடுவார். எனக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாறி மாறி நிலைக்கிறது; தேடலில் நேரத்தைத் தின்பது அந்த நிலைப்புகளின் எண்ணிக்கைதான். அப்பா பெட்டியில் தேன் சேரும் தேன் அறையை எட்டியும் பார்ப்பதில்லை. முட்டையும் புழுவும் வளரும் புழு அறையின் நடுச் சட்டத்தைத் தூக்கி, ராணியின் நீண்ட வயிற்றையும், சுற்றிலும் அதன் பக்கமாகத் தலை திருப்பி நிற்கும் தேனீக்களையும் மட்டும் தேடுகிறார். ராணி ஒளிந்துகொண்டாலும் அவர் பதறுவதில்லை. “முட்டை நட்டுக்க நிக்குதான்னு பாரு மக்களே” என்பார். மெழுகுக் கண்ணின் அடியில் முட்டை செங்குத்தாக நின்றால் அது இட்டு ஒரு நாள்தான் ஆகியிருக்கும், ராணியைப் பார்க்காமலேயே பெட்டியை மூடிவிடலாம்.