முகம் பார்க்காதீர்கள், கால் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னிடமும் ஒரு மாருதி ஜிப்சி ஜீப் இருக்கிறது, 1999 மாடல், அப்பா வாங்கியது. எஞ்சினில் குறையில்லை. ஓட்டுநர் சீட்தான் தொல்லை. அதன் இரும்புச் சட்டம் மூன்று முறை வெல்டிங் வைத்தும் விட்டுப்போகிறது. பள்ளத்தில் இறங்கும்போது சாய்மானம் தானாகப் பின்னால் சரிகிறது. பக்கத்து சீட்டில் குஷன் மட்டும் அமுங்கியிருக்கிறது. இங்கே பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ரேஸ் கார் மாதிரி புது சீட் காட்டுகிறார்கள். நண்பர் ஸ்விஃப்ட் சீட் போடு என்கிறார். கையில் பத்தாயிரம் இருக்கிறது. பின்னால் எதிரெதிரே உள்ள பெஞ்சுகளை எடுத்துவிட்டு முன்பக்கம் பார்த்தபடி உட்காரும் சீட் போடலாம் என்பது மனைவியின் யோசனை. ஆர்.டி.ஓ.வில் சிக்கல் வருமா? எதை வாங்குவது?

ர., அல்சூர்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் மொட்டை மாடிக்குப் போய் அங்கே கிடக்கும் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டு வருடத்துக்கு முன் என் ஜிப்சிக்காக வாங்கியது. ஜோடி ஆறாயிரம் ரூபாய், ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றியது. கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது சிம்மாசனம். வண்டியில் பொருத்தி உட்கார்ந்தால் தலை மேல்கம்பியில் இடித்தது, முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது, கண்ணுக்கு நேரே கண்ணாடியின் மேல்விளிம்பு. கே.ஆர். புரம் வரை ஒவ்வொரு சிக்னலுக்கும் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டே போனேன்.

சீட்டின் மேல் குற்றமில்லை. அதன் காலைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. கார்களில் தரை ஒரே மட்டமாக இருக்காது. நடுவில் ஓடும் மேட்டுப் பக்கம் ஓர் உயரம், கதவுப் பக்கம் ஓர் உயரம். அந்தந்தத் தரைக்கு ஏற்றபடி சீட்டின் கால்களை வளைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து ஜிப்சியில் வைத்தால் ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். சமன்செய்ய இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் அடித்து அதன்மேல் உட்கார வைப்பார்கள். அதிலேயே ஒன்றரை, இரண்டு அங்குலம் ஏறிவிடும். இப்போதைய சீட்டுகளுக்குக் குஷனும் தடிமன், முதுகும் தடிமன். முதுகு தடித்தால் நம்மை ஸ்டியரிங் பக்கம் தள்ளும். ஸ்டியரிங்கை ஏற்றி இறக்க முடியாத வண்டியில் இரண்டு அங்குலம் பெரிய தூரம்.

அதனால் நண்பரின் ஸ்விஃப்ட் யோசனையை நான் ஏற்கமாட்டேன். போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் அடிக்கும் செலவைச் சேர்த்தால் பத்தாயிரம் போதாது. ரேஸ் சீட் வேண்டவே வேண்டாம். கரடுமுரடான இடத்தில் டயர் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று பார்க்க நாம் வெளியே எட்டிக்கொண்டே இருப்போம். இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பாருங்கள், தெரியும்.

சிவாஜி நகர் குஜ்ரிக்கு, அதாவது பழைய உதிரிகள் விற்கும் சந்தைக்குப் போய் முதலில் ஜிப்சி சீட்டையே தேடுங்கள். இந்த வண்டி 1985இல் வந்தது, ராணுவம் ஏராளமாக வாங்கியது. ஏலத்தில் கழிபட்டு வந்து பிரிக்கப்பட்ட வண்டிகளின் உதிரிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு அங்கேதான் கிடைத்தது, தேடிப் போன மூன்றாவது சனிக்கிழமை. துணி கிழிந்து, பஞ்சு தொங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. சட்டம் மட்டும் நேராக இருந்தது. நமக்கு அதுதானே வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக்கு ஒன்று வாங்கினால் போதும், உங்கள் பக்கத்து சீட்டில்தான் சட்டம் நன்றாக இருக்கிறதே. இரண்டையும் குஷன் கடையில் கொடுத்து 40 டென்சிட்டி ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தொடைக்குக் கீழே, முன்விளிம்பில் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னால் நீண்ட தூரம் போகும்போது கால் வலிக்காது. கூரைத்துணியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர் என்றால் ரெக்சின்தான். வெயிலில் சுடும், ஆனால் மழையில் நனைந்த துணி சீட் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும் ஊர் இது.

ஜிப்சி சீட் கிடைக்கவே இல்லையா? பழைய மாருதி 800, ஜென் சீட் பாருங்கள். ஒல்லி, குட்டை, எடையும் குறைவு. 800 நின்று போனது 2014இல்தான், சீட்டுக்குப் பஞ்சமில்லை. ஆம்னி சீட்டைத் தள்ளிவிடலாம். அதற்குக் கீழே எஞ்சின் இருக்கிறது, சீட்டைத் தூக்கித் திறக்கிற மாதிரிதான் செய்திருப்பார்கள்.

கடைக்குப் போகும்முன் பழைய சீட்டைக் கழற்றி, போல்ட் துளைகளின் மேல் ஓர் அட்டையை விரித்து நான்கு துளையையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து குஷன் எவ்வளவு உயரம் என்பதையும் அதே அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் அண்ணா" என்பார். அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி விடும்போது இரண்டு பக்கத் தண்டவாளமும் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டுகிற சீட் நிறையவே வருகிறது. குஷனுக்கு அடியில் கைவிட்டு முகர்ந்தும் பாருங்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர்ப் பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்று உங்களுக்கே தெரியும். அப்படி மூழ்கிய சீட்டில் மேல்துணியைத் துவைத்துவிடலாம், ஸ்பிரிங்கில் ஒட்டிய சேறும் துருவும் போகாது. மஞ்சள் ஒயர் தொங்கினால் தொடாதீர்கள். சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கலாம்.

பொருத்தும் வேலைதான் உயிர் சம்பந்தப்பட்டது. கால்மிதி விரிப்பை எடுத்துவிட்டுத் தரையை ஸ்குரூ டிரைவரால் தட்டுங்கள். உங்கள் சட்டம் மூன்று முறை விட்டதற்குத் தரையே காரணமாக இருக்கலாம். துருப்பிடித்த தகடு நெளியும்போது சுமை முழுக்கச் சட்டத்துக்கு வரும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்த பிறகே சீட். போல்ட் தலையில் 8.8 என்று அச்சடித்திருக்க வேண்டும், அது அதன் வலுவைச் சொல்லும் எண். தரைக்கு அடியில் வெறும் வாஷர் போதாது, மூன்று மில்லிமீட்டர் தகட்டில் உள்ளங்கையளவு துண்டு வெட்டி வைக்கச் சொல்லுங்கள். மோதலில் போல்ட் உடைவதைவிட, வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. பெல்ட்டை மட்டும் இந்தச் சட்டங்களில் கட்டிவிடாதீர்கள். அது ஏற்கெனவே இருக்கும் இடத்தில், பாடியிலேயே இருக்கட்டும்.

ஆர்.டி.ஓ. விஷயம். இருந்த இடத்தில் இருந்த எண்ணிக்கையில் முன் சீட்டை மாற்றினால் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், எதுவும் மாறாது. பின்பெஞ்சு அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு வேறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யிலேயே இருக்கிறது. 1999 வண்டி என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்கு நிற்கிறீர்கள், அங்கே எண்ணிப் பார்ப்பார்கள். இருந்தாலும் உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பக்கவாட்டில் பெல்ட் இல்லாமல் குழந்தைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போவதற்கு எனக்கும் மனம் வராது. ஆர்.டி.ஓ.வில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதுவரை குழந்தைகளோடு ஊருக்குப் போக பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது.

இன்னொன்று, எந்த சீட் போட்டாலும் ஜிப்சி ஜிப்சிதான். நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். முதுகு வலிக்கு சீட்டைக் குறைசொல்லும் முன் டயரில் காற்று அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாடியில் கிடக்கும் சீட்டை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன் என்று எழுத நினைத்தேன். அம்மா அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார், தரமாட்டாராம்.