தேடல் சொல்லில் & வந்தால் மீதி ஏன் காணாமல் போகிறது?

"இட்லி & வடை" என்று தேடினால் சர்வருக்கு "இட்லி" மட்டும் போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யுஆர்எல்லில் ? குறிக்குப் பின் & வந்தாலே அடுத்த அளவுரு (பெயர்=மதிப்பு என்ற இணை) தொடங்கிவிடும்; மதிப்புக்குள் வரும் & என்பதை %26 ஆக்க வேண்டும். # இன்னும் மோசம். அதற்குப் பின்னுள்ளது சர்வருக்கே போகாது. அதை %23 ஆக்குங்கள்.

யுஆர்எல்லுக்கான எழுத்துச் சரங்களைக் கையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் யுஆர்எல்சர்ச்பாரம்ஸ் (URLSearchParams) என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. ஒரே பெயருக்குப் பல மதிப்புகள் வேண்டுமென்றால் செட் (set) அல்ல, அப்பெண்ட் (append) பயன்படுத்துங்கள். படிக்கும்போது கெட்ஆல் (getAll) பயன்படுத்துங்கள்; கெட் (get) முதல் மதிப்பை மட்டுமே தரும்.

யுஆர்எல்சர்ச்பாரம்ஸ் இடைவெளியை + என்று எழுதும், படிக்கும்போது + குறியை இடைவெளியாக எடுக்கும். ஆகவே யுஆர்எல்லில் நேரடியாகத் தட்டிய +91 தன் பிளஸை இழந்துவிடும்.

இப்படி % குறியீடாக மாற்றியதையே மறுபடி மாற்றினால் %26 என்பது %2526 ஆகும். சர்வர் பொதுவாக ஒருமுறைதான் அவிழ்க்கும், பயனர் திரையில் %26 என்றே பார்ப்பார்.