நோயாளியின் கட்டிலருகே எந்த மொழி?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் பொது வார்டின் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். என் கீழ் வேலை செய்யும் 18 பேரில் 7 பேர் கேரளத்துப் பெண்கள். சென்ற மாதம் இரவுப் பணியின்போது, ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்ற இரண்டு பேர் தங்களுக்குள், “தீர்ந்நு, இனி மதி” (தீர்ந்துவிட்டது, இனி போதும்) என்று மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். காலியான சலைன் பாட்டிலைப் பற்றித்தான் பேச்சு. ஆனால், பக்கத்தில் அரைத்தூக்கத்தில் இருந்த அவருடைய மகள், அப்பாவின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்து அலறிவிட்டார். மறுநாள் எழுத்துமூலம் புகாரும் கொடுத்தார். “வளாகத்துக்குள் தமிழ், ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் நடவடிக்கை” என்று சுற்றறிக்கை தயாரித்துத் தரும்படி நிர்வாகம் என்னிடம் சொல்லியிருக்கிறது. தேநீர் அறையில் தங்களை ஒதுக்கிவைத்துப் பேசுகிறார்கள் என்று மனம் வாடியிருக்கும் தமிழ்ப் பெண்களும் இதை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மகள் அழுததையும் மறக்க முடியவில்லை. நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிர்வாகம் கேட்கும் வடிவத்தில் அந்தச் சுற்றறிக்கையை எழுதிக் கொடுக்காதீர்கள். அதே சமயம், ஒன்றுமே நடக்காததுபோல் அந்தப் புகாரைக் கோப்பில் போட்டு மூடிவிடவும் வேண்டாம். உங்கள் மனம் இரண்டு பக்கமும் இழுபடுவதற்குக் காரணம், இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுதான்.

முதலில் அந்த மகளின் பக்கம். படுக்கையில் கிடப்பவருடைய உடம்பைத் தொட்டுக்கொண்டு, அவருக்கு மேலாக, அவருக்குப் புரியாத மொழியில் இரண்டு பேர் பேசுவது, பேச்சு எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், அவரை ஒரு பொருளாக்கிவிடுகிறது. என் தாயார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருந்தபோது, வந்து பார்த்துவிட்டுப் போன மருத்துவர்கள் ஆங்கிலத்தில் பேசி முடித்ததும், “என்ன கண்ணு சொல்லிட்டுப் போறாங்க?” என்று ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அந்தப் பிடியின் இறுக்கம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கவனியுங்கள், அவரை மிரள வைத்தது மலையாளம் அல்ல, ஆங்கிலம். உங்கள் நிர்வாகம் அனுமதிக்கப்போகும் இரண்டு மொழிகளில் ஒன்று. நோய், சிகிச்சை பற்றிய விவரம் தனக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும் என்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் கூறுகிறது. அந்த உரிமையை நிறைவேற்ற வேண்டுமென்றால், கட்டிலருகே நோயாளியின் மொழி ஒலிக்க வேண்டும். பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டி உங்களிடம் வந்து படுக்கும் நோயாளிக்கு அந்த மொழி மலையாளம்தானே? திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் கை நசுங்கி வரும் ஒடிசா இளைஞருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நிர்வாகம் கேட்கும் சுற்றறிக்கை வெளிவந்த அன்றே, அவர்களிடம் அன்பாக நாலு வார்த்தை பேசும் செவிலியர் விதியை மீறியவராகிவிடுவார்.

இதேபோன்ற சுற்றறிக்கை ஒன்று டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் என்ன ஆனது என்பதை உங்கள் நிர்வாகத்துக்கு நினைவுபடுத்துங்கள். 2021 ஜூன் மாதம், கோவிட் இரண்டாம் அலையின் வேதனை இன்னும் அடங்காத நேரத்தில், ஜி.பி. பந்த் மருத்துவமனையில் செவிலியர்கள் மலையாளம் பேசக்கூடாது, இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டுமே பேச வேண்டும், மீறினால் கடும் நடவடிக்கை என்று ஓர் உத்தரவு வந்தது. நோயாளிகளுக்குப் புரியவில்லை என்று வந்த புகார்தான் அதற்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. அன்று அந்தப் பெண்களுக்காகக் கொதித்தவர்களில் தமிழர்களும் இருந்தோம். இன்று நம் ஊரில், நம் கையில் அதிகாரம் இருக்கும்போது, இந்தி என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ் என்று எழுதினால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்று நிர்வாகம் சொல்லலாம். அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019 மே மாதம் மதுரைக்கு அருகில் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே தடத்தில் எதிரெதிராக இரண்டு பயணிகள் ரயில்கள் வரும் நிலை ஏற்பட்டது. நிலைய அதிகாரிகள் ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சரியாகப் புரியாததே காரணம் என்று பேசப்பட்டது. அடுத்த மாதம் தெற்கு ரயில்வே, கட்டுப்பாட்டு அறையும் நிலைய அதிகாரிகளும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேச வேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லி, எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டது. பிரச்சினை உண்மையானதுதான், மருந்துதான் தவறு. சொன்னது கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத வரை, எந்த மொழியில் சொன்னாலும் ஆபத்து ஆபத்துதான்.

இது உங்கள் தொழிலில் உங்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தின் அளவை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பி வாசித்து, அவர் வாயால் “சரி” என்று கேட்ட பிறகே மருந்தை எடுக்க வேண்டும் என்ற பழக்கம் எதற்காக வந்தது? ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’ என்பதும் ‘ஃபிஃப்டி’ என்பதும் இரைச்சலான வார்டில் ஒன்றுபோலவே கேட்கும். பதினைந்தும் ஐம்பதும் தமிழில் குழம்புவதில்லை. மலையாளத்தில் பதினஞ்சும் அம்பதும் குழம்புவதில்லை. ஆங்கிலம் பேசிவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புவதைவிட, திருப்பி வாசிப்பதைக் கட்டாயமாக்குவது எத்தனையோ மேல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் கேட்பார்கள். தனி மொழி உடைய குடிமக்கள் அதைக் காத்துக்கொள்ளும் உரிமையை நம் அரசமைப்பின் 29ஆவது பிரிவு தருகிறது. எனினும் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கியவை என்பதால், தனியார் நிறுவனத்தின் மீது அதை நேரடியாகப் பாய்ச்சுவது எளிதல்ல. அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால் அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1980 முதல் வைத்திருப்பதைப் பார்க்கலாம். வேலை நேரம் முழுவதும் ஆங்கிலம் மட்டும் என்ற விதியை அது பாகுபாடு என்றே அனுமானிக்கிறது. குறிப்பிட்ட நேரங்களுக்கு மட்டும், வேலையின் தேவையைக் காட்ட முடிந்தால், ஊழியர்களுக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வைக்கலாம் என்கிறது. கலிபோர்னியாவின் டெலானோ நகரில் ஒரு மருத்துவமனை, பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த செவிலியர்களையும் அதே வம்சாவளியின் பிற ஊழியர்களையும் மட்டும் குறிவைத்து மொழிக் கட்டுப்பாடு விதித்ததாகத் தொடரப்பட்ட வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள, 2012-இல் 9,75,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நம் நாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால், வேலையின் எந்தக் கணத்துக்கு விதி தேவை என்ற அதன் கேள்வி நமக்கும் பொருந்தும்.

ஆகவே சுற்றறிக்கையை நீங்களே இப்படி எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: “நோயாளியின் கட்டிலருகே, அவருக்கும் உடனிருப்பவருக்கும் புரியும் மொழியிலேயே பேச வேண்டும். வேறு மொழியில் பேச நேர்ந்தால், என்ன பேசினோம் என்பதை உடனே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பணி மாற்றத்தின்போதும் அவசரச் சிகிச்சையின்போதும், அங்கிருக்கும் பணியாளர்கள் அனைவருக்கும் தெரிந்த மொழியில் பேச வேண்டும். வாய்மொழி உத்தரவுகளை எழுதித் திருப்பி வாசிக்க வேண்டும். ஓய்வு நேரத்துக்கும் தனிப்பட்ட பேச்சுக்கும் இவ்விதிகள் பொருந்தா.” எந்த மொழியின் பெயரும் இதில் இல்லை. இது ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போகும் மருத்துவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும். செவிலியருக்கு மட்டும்தான் என்று நிர்வாகம் திருத்தினால், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தேநீர் அறை விஷயம் வேறு. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, கால் வீங்கி, வீட்டை விட்டு வந்த ஒரு பெண் தாய்மொழியில் நாலு வார்த்தை பேசுவதைச் சுற்றறிக்கையால் தடுப்பது கொடுமை. அதே மேசையில், சிரிப்பு எழும்போதெல்லாம் நம்மைப் பற்றித்தானோ என்று தலைகுனியும் தமிழ்ப் பெண்ணின் வலியும் பொய்யல்ல. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, அந்த மேசையில் போய் உட்காருவது. “என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன்” என்று பொறுப்புச் செவிலியர் ஒரு வாரம் கேட்டால், அவர்களாகவே மொழி மாற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். பணி அட்டவணை போடும்போது, ஒரே ஊர்க்காரர்கள் எப்போதும் ஒரே இரவில் சேர்ந்து வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளத்துப் பெண்களுக்குத் தமிழ் வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர்களில் பலருக்குப் பேச்சுத் தமிழ் ஏற்கெனவே புரியும். சிக்கல் பழகிய சொற்களிலேயே ஒளிந்திருக்கிறது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். “ராத்திரி பனியில உட்கார்ந்திருந்தேன்” என்று ஒரு தாத்தா சொன்னால், புதிதாக வந்த பெண் காய்ச்சல் என்றுகூடக் குறித்துவைக்கலாம். இப்படிப்பட்ட சொற்களையும், “எங்க வலிக்குது?”, “மெல்லத் திரும்பிப் படுங்க”, “பாட்டில் முடிஞ்சிருச்சுங்க, மாத்தப் போறேன்” போன்ற வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதி, செவிலியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். எழுதும் வேலையைத் தேநீர் அறையில் வாடியிருக்கும் அந்தத் தமிழ்ப் பெண்களிடமே கொடுங்கள்; எதிர்ப்பக்கத்தில் அதற்கான மலையாளத்தைக் கேரளத்துப் பெண்கள் எழுதட்டும். பாலக்காட்டு நோயாளி வரும்போது அதே தாள் தமிழ்ப் பெண்களுக்கு உதவும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இரண்டு செவிலியரையும் தனியே அழைத்துப் பேசுங்கள். அவர்கள் தவறாக எதுவும் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அந்த மகள் என்ன கேட்டார், என்ன நினைத்தார் என்பதை விவரியுங்கள். பிறகு அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு போய், பெரியவரின் மகளிடம் “தீர்ந்நு” என்றால் என்ன என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.