மீனை மட்டும் நிறுத்துப் பார்த்தால் போதுமா? அமில மழை: கேள்வி-பதில்

கேள்வி: ஏரியில் மீன் குறைந்துவிட்டது. ஆனால் கிடைப்பதெல்லாம் நல்ல பெரிய மீன். இதில் என்ன கவலை?

அதுதான் கவலை. மின் நிலையங்கள் போன்றவற்றின் புகை கலந்து பெய்வதுதான் அமில மழை. அமிலத்தை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். மாசில்லாத மழையின் பி.எச். சுமார் 5.6. ஏரித் தண்ணீரே 5-க்கு இறங்கிவிட்டால் பெரும்பாலான மீன்களின் முட்டை பொரிக்காது. வளர்ந்த மீன்கள் சில காலம் தாக்குப்பிடிக்கும். இரைக்குப் போட்டியில்லாததால் கொழுக்கவும் செய்யும். வலையை உதறிப் பாருங்கள். முழநீள மீன் நாலைந்து, விரல்நீளக் குஞ்சு ஒன்றுகூட இல்லையா? உடனே தண்ணீரைச் சோதியுங்கள். (வலைக்கண் பெரிதென்றால் குஞ்சு நழுவியிருக்கும், அதையும் கவனியுங்கள்.) இந்தக் கிழட்டு மீன்களும் போனபின் மிஞ்சுவது கண்ணாடி போலத் தெளிந்த வெறும் தண்ணீர்.

கேள்வி: அமிலம் மீனை நேரடியாகக் கொல்கிறதா?

மண்ணிலிருந்து கரைந்துவரும் அலுமினியம் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். பட்டினியும் உண்டு. கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1976 முதல் 223-ஆம் எண் ஏரியில் வேண்டுமென்றே அமிலம் சேர்த்துப் பார்த்தார்கள். பி.எச். 6-ஐ ஒட்டி இறங்கியபோதே இரையான சிறு உயிர்கள் மறைந்தன. பின்னாளில் ட்ரவுட் மீன்கள் எலும்பும் தோலுமாயின.

கேள்வி: இதைப் பணமாக எப்படிக் கணக்கிடுவது?

பிடிபடும் மீனின் சந்தை விலையை மட்டும் பார்த்தால் தொகை சிறியதுதான். தூண்டில் போட வருபவர் படகுக்கும் தங்கலுக்கும் செலவழிப்பதைச் சேர்க்க வேண்டும். மீனே பிடிக்காதவர்கூட ஏரி உயிரோடிருக்கப் பணம் தரத் தயாராக இருப்பார். அமெரிக்காவின் அடிரோண்டாக் மலை ஏரிகள் தேற என்ன தருவீர்கள் என்று நியூயார்க் மாநிலக் குடும்பங்களைக் கேட்டு 2004-ல் வெளியான ஆய்வில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 48 முதல் 107 டாலர் வரை வந்தது. மாநிலம் முழுதுக்கும் 33.6 கோடி முதல் 110 கோடி டாலர். சொல்வது வேறு, பையிலிருந்து எடுப்பது வேறு என்ற குறை இந்த முறைக்கு உண்டு. ஆனாலும் மீனை மட்டும் நிறுத்துப் பார்ப்பதைவிட இது மேல்.

கேள்வி: தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தால் மலிவாக முடிந்துவிடாதா?

பலன் உண்டு. நார்வேயின் மண்டால் ஆற்றில் சால்மன் மீன் அற்றே போயிருந்தது. 1997-ல் சுண்ணாம்பு போடத் தொடங்கியபின் மீண்டும் பிடிபடுகிறது. ஆனால் இது வாடகை வீடு மாதிரி: மேலிருந்து அமிலம் விழும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: மீனுக்காக மின் நிலையங்களில் புகையைக் குறைக்க இவ்வளவு செலவு தகுமா?

மீனுக்காக மட்டும் என்றால் வாதம் பலவீனமானது, ஒத்துக்கொள்கிறேன். மின் நிலையப் புகையைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமில மழைத் திட்டத்தின் 2010-ஆம் ஆண்டுப் பலன் 12,200 கோடி டாலர், செலவு 300 கோடி என்று 2005-ல் ஒரு மதிப்பீடு வந்தது. பலனில் மிகப் பெரும் பங்கு மனிதரின் நுரையீரலும் இதயமும் தப்பியது. மீன் அதே செலவில் கூடவே வரும் லாபம்.

கேள்வி: புகை குறைந்துவிட்டது. உடனே மீன்குஞ்சு விடலாமா?

அவசரம் வேண்டாம். பல பத்தாண்டு அமிலம், அமிலத்தை முறிக்கும் மண்ணின் கால்சியத்தை அரித்திருக்கும். அது திரும்ப நாளாகும். முதலில் கரையோரக் கல்லைப் புரட்டி, பூச்சிப் புழுக்கள் ஒட்டியிருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் குஞ்சு வாங்கும் பணம் கையிலேயே இருக்கட்டும்.