நார்மன் மினெட்டா: கேட்டீர்கள், சொல்கிறேன்

போன வாரம் அமெரிக்காவின் முன்னாள் போக்குவரத்துச் செகரட்டரி நார்மன் மினெட்டாவைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, செகரட்டரி என்றால் நம்மூர் கேபினட் செயலாளர் மாதிரி ஐ.ஏ.எஸ். அதிகாரியா?

இல்லை தம்பி. அங்கே செகரட்டரி என்றால் அமைச்சர். அதிபர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தரவேண்டும். குழப்பம் வேண்டாம், இனி அமைச்சர் என்றே எழுதுகிறேன்.

எம்.பி.யாக இருந்துகொண்டே அமைச்சராக முடியுமா?

முடியாது. நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். இங்கே எம்.பி. அல்லாதவர் மத்திய அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் எம்.பி. ஆகியாக வேண்டும். அங்கே எம்.பி. ஒருவர் அமைச்சரானால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். மினெட்டாவுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகர மேயராக இருந்து 1975-இல் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனவர், 1995-இலேயே விலகி விமான, ஆயுத நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினில் சேர்ந்துவிட்டார். 2000-இல் கிளிண்டன் கூப்பிட்டு வணிக அமைச்சராக்கினார். ஆசிய வம்சாவளியில் அமெரிக்க அமைச்சரானவர்களில் அவர்தான் முதல் ஆள்.

அவர் ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சியின் புஷ் ஏன் எடுத்தார்?

2000 அதிபர் தேர்தல் ஃப்ளோரிடா மாநில வாக்கு எண்ணிக்கை இழுபறியில் முடிந்தது ஞாபகம் இருக்கும். எதிரணி ஆள் ஒருவராவது அமைச்சரவையில் இருப்பது புஷ்ஷுக்குத் தேவைப்பட்டது. ஆனால் அது பாதிக் காரணம்தான் என்பேன். சபையில் பொதுப்பணி, போக்குவரத்துக் கமிட்டியிலேயே ஊறியவர் மினெட்டா. அதன் தலைவராகவும் இருந்தார். நெடுஞ்சாலைப் பணத்தை ரயில், பஸ்ஸுக்கும் திருப்பிவிட வழிசெய்த 1991 சட்டத்தில் அவர் கை பெரிது. அதிகாரி ஃபைலை நீட்டினால், அதிலுள்ள சட்டத்தை எழுத உட்கார்ந்தவரிடமே நீட்டுகிறார்! 2001 ஜனவரி முதல் 2006 ஜூலை வரை போக்குவரத்து அமைச்சர். அந்த நாற்காலியில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை.

சார், சின்ன வயதில் முகாமில் அடைக்கப்பட்டாராமே?

ஆமாம். 1942. அமெரிக்காவிலேயே பிறந்த பையன், வயது பத்து. ஜப்பான் நடத்திய பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றினார்கள். இவன் சாரணர் சீருடையில், கையில் பேஸ்பால் மட்டையோடு நின்றான். அடிக்கிற ஆயுதம் என்று சொல்லி ராணுவ போலீஸ் மட்டையைப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் வயோமிங் மாநிலத்தில் ஹார்ட் மவுண்டன் முகாம்.

எம்.பி. ஆன பிறகு இந்தக் கதையைக் கேட்ட ஒருவர், புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரனிடம் இருந்த மட்டையையே அனுப்பிவைத்தார். எம்.பி.க்கள் வாங்கக்கூடிய பரிசுக்கு வரம்பு உண்டே, திருப்பித் தரவேண்டியதாயிற்று. அரசாங்கம் மறுபடியும் என் மட்டையைப் பிடுங்கிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாராம்.

பழைய கணக்கை அவர் விடவில்லை. முகாமில் இருந்து உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்பும் 20,000 டாலரும் தரும் சட்டத்தை மற்ற சில எம்.பி.க்களோடு சேர்ந்து முன்னின்று கொண்டுவந்தார். 1988 ஆகஸ்ட் 10 அன்று ரீகன் கையெழுத்திட்டார். மசோதாவின் எண் 442. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஜப்பானிய அமெரிக்க வீரர்களின் படைப்பிரிவு எண் அது, வேண்டுமென்றே வைத்தது.

9/11 அன்று எல்லா விமானங்களையும் இறக்கச் சொன்னது அவர்தானா?

பரவலாக அப்படித்தான் எழுதுகிறார்கள். விசாரணைக் கமிஷன் அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. உத்தரவைக் கொடுத்தவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த பென் ஸ்லைனி, காலை 9.42 வாக்கில். அந்தப் பொறுப்பில் அவருக்கு அது முதல் நாள்! சுமார் 4,500 விமானங்கள் பத்திரமாக இறங்கின. மினெட்டா அன்று காலை வெள்ளை மாளிகையின் நிலத்தடி அறையில் துணை அதிபர் செய்னியோடு இருந்து, அதையே தானும் வற்புறுத்தினார். பாராட்டை ஸ்லைனிக்குக் கொடுப்பதே நியாயம்.

மினெட்டாவின் பங்கு அதற்குப் பிறகு வந்த வாரங்களில் என்று நினைக்கிறேன். அரபு, முஸ்லிம் தோற்றத்தை வைத்துப் பயணிகளைத் தடுக்கக்கூடாது என்று அவருடைய துறை விமான நிறுவனங்களுக்கு எழுதியது. 1942-இல் முகாமுக்கு ரயிலேறியவர் அந்தத் துறையின் தலைவராக இருந்தபோது போன கடிதம் அது. கூடவே ஒரு வருஷத்துக்குள் விமான நிலையச் சோதனையை அரசே ஏற்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

எதிர்க்கட்சிக்காரர்களோடு எப்படி ஒத்துப்போனார்?

முகாமுக்குள் சாரணர் கூட்டம் நடந்தபோது வெளியூர்ப் பையன்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவன் ஆலன் சிம்ப்சன், பின்னாளில் வயோமிங்கின் குடியரசுக் கட்சி செனட்டர். ஒரே கூடாரத்தில் இருவரும். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள். கீழ்ப்பக்கம் இருந்த கூடாரத்துப் பையனைச் சிம்ப்சனுக்குப் பிடிக்காது. வாய்க்காலை அந்தப் பக்கமாகத் திருப்பினார்கள். இரவு மழை பெய்து அவன் கூடாரம் சரிந்தது. எழுபது வயதுக்கு மேலும் இதைச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.